மினுங்காத கல்

செப்டம்பர் 25, திங்கள்

மூன்றாவது தடவையாக உலையை மூடியாயிற்று. விடிந்ததுமே மூடியிருக்கலாம். ராகுகாலம் முடியட்டும் என்று பூவாத்தாள் அம்மாள் வாசலை மறித்து நின்றுகொண்டார். ஆயிரத்து நானூறு டிகிரியைத் தாண்டப் போகிற உலையை ராகு என்ன செய்துவிடுவான் என்று எனக்குத் தெரியவில்லை. வாயைக் கொடுத்து மாளாது என்று காத்திருந்தேன்.

இந்த அம்மாள் முதலாளி சென்னியப்பனின் அக்கா. ஆபீஸ், ஆட்கள், அரவை மில், சாமி படங்கள் எல்லாம் இவர் பொறுப்பு. புளோர்ஸ்பார் கல்லை மாவாக அரைத்து விற்பது இவர்களுடைய தொழில். இரும்பு உருக்குகிறவர்கள் கசடு இளகுவதற்கு வாங்குவார்கள். வெல்டிங் ராடு செய்கிறவர்கள் மேல்பூச்சுக்கு வாங்குவார்கள். அந்த மாவும் நான் உலையில் வளர்க்கிற படிகமும் ஒரே பொருள்தான், கால்சியம் புளோரைடு. சுத்தத்தில்தான் வித்தியாசம், விலையிலும். ஏதோ ஒரு கண்காட்சியில் இதைக் கேள்விப்பட்ட சென்னியப்பன், மூட்டைக் கணக்கில் விற்பதைக் கிராம் கணக்கில் விற்கலாம் என்று ஆசைப்பட்டு உலை வாங்கினார். ஆராய்ச்சி நிலையத்தில் சும்மா இருந்த என்னையும் கோயம்புத்தூருக்கு இழுத்து வந்தார்.

முதல் படிகம் பால் பூத்துப் போயிற்று. தூளில் துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் அது புளோரைடைக் கெடுத்துவிடும். இரண்டாவது, மின்சாரம் போய்ச் சட்டென்று ஆறியதில் பிளந்தது. மூன்றாவதும் போனால் உலை பழைய இரும்புக் கடைக்கு, என் பிரிவுக்குப் பூட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார். பெங்களூர் கம்பெனி ஒன்று தன் லேசர் கருவிக்குப் பெரிய படிக வட்டம் ஒன்று கேட்கிறது. அவர்களுடைய ஆள் அக்டோபர் 25 அன்று வந்து அளந்து பார்த்து எடுத்துப் போவார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இதை விட்டால் எவன் எனக்கு இன்னொரு உலை தரப்போகிறான்?

செப்டம்பர் 26, செவ்வாய்

பி.எச்டி. வாங்கியது என் தவறு. இங்கே எல்லோருக்கும் நான் டாக்டரம்மா. இன்று பூவாத்தாள் அம்மாள் முழங்காலை நீட்டிக்கொண்டு, "ஏனுங்க டாக்டரம்மா, மழைக்கு முன்னாடியே வலிக்குதே, அதுக்கென்னங்க மாத்திரை?" என்றார். நான் கல்லுக்குத்தான் டாக்டர் என்றேன். "அப்ப ரெண்டும் ஒன்னுதானுங்க, எங்காலும் கல்லாட்டம்தான் ஆயிப்போச்சு" என்று சிரித்தார். ஆபீஸ் முழுக்க அவரோடு சேர்ந்து சிரித்தது. இவர்களுக்குச் சிரிக்கக் காரணம் வேண்டியதில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

தூள் உருகிவிட்டது. அது இருக்கிற கிராஃபைட் மூசைப் பாத்திரத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்குகிறோம். நத்தை இதைவிட வேகமாகப் போகும். அடியில் தொடங்கி மேல்நோக்கி ஒரே படிகமாக உறைய வேண்டும். அவசரப்பட்டால் போயிற்று. கொஞ்சம் ஈய புளோரைடும் சேர்த்திருக்கிறேன். மிஞ்சிய ஆக்ஸிஜனை அது பிடித்துக்கொண்டு ஆவியாக வெளியேறிவிடும்.

உலையின் கண்ணாடித் துளை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பூவாத்தாள் அம்மாள் வந்து பக்கத்தில் நின்றார்.

"இதெல்லாம் எதுக்கு ஆவுமுங்க?"

"ஜன்னல் போடுறதுக்கு."

"இத்தினிக்கூண்டு கல்லுலயா? எந்த ஊட்டு ஜன்னலுங்க அது?"

அவர் உண்மையாகவே கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. கண்ணில் பார்வையைச் சரிசெய்யும் லேசர் புற ஊதாவில் ஓடுகிறது. சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை விழுங்கிவிடும், அதனால் இதில்தான் ஜன்னல் வைப்பார்கள். புகைக்குழாயில் என்ன வாயு போகிறது என்று அகச்சிவப்பில் பார்க்கிற கருவிக்கும் இதுதான். கம்ப்யூட்டர் சில்லு அச்சடிக்கிற எந்திரத்துக்கும், உயர்ந்த கேமரா லென்சுக்கும் இதுவே. உருவத்தின் ஓரத்தில் வண்ணம் சிதறாது. தண்ணீரில் கரையாது. இத்தனையும் சொல்ல அரை மணி நேரம் ஆகும். சொன்னால் புரியவா போகிறது? "பெரிய ஊட்டு ஜன்னல்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 4, புதன்

மதியம் மின்சாரம் போனது. பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். போன தடவை போனதும் இப்படித்தானே. நான் ஓடி வெளியே வருவதற்குள் அரவை மில்லின் சத்தம் அடங்கி, அதன் ஜெனரேட்டர் வயரை இரண்டு ஆட்கள் உலைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பூவாத்தாள் அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

மாலையில் முதலாளி அக்காவைப் பிடித்துக் கத்தினார். மில் நின்றதில் ஏதோ லாரி சரக்கில்லாமல் திரும்பிப் போயிற்றாம். "மாவு நாளைக்கும் அரைச்சுக்கலாம்டா சென்னீ, அந்தம்மா கல்லு நாளைக்கு வருமா?" என்று அவர் பதிலுக்குக் கத்தினார். என் அறை வரை கேட்டது. குடும்பச் சண்டையை ஊருக்கே போட்டுக் காட்டுகிற ஜனங்கள். மில் சத்தம் இல்லாததால் நிம்மதியாக வேலை நடந்தது என்பதுதான் இன்றைய லாபம்.

அக்டோபர் 10, செவ்வாய்

உலை ஆறுகிறது. நான் ஆறவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

நான் மதியம் பிஸ்கட் தின்பதை யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பூவாத்தாள் அம்மாள் இந்த வாரம் முழுக்க எனக்கும் சேர்த்து டிபன் கேரியர் கொண்டுவருகிறார். இன்று அரிசியும் பருப்பும் சாதம், நெய் வழிய. உப்பு குறைவு. இந்த ஊரில் யாருக்கும் அளவு என்பது கிடையாது. பாத்திரத்தைக் காலி செய்து கொடுத்தேன், மிச்சம் வைத்தால் அதற்கும் ஒரு விசாரணை நடக்கும்.

அக்டோபர் 18, புதன்

ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையைக் கழுவுகிறார்கள். கழுவாத எந்திரத்துக்குச் சாமி வரமாட்டாராம். உலை அறைக் கதவைத் திறந்தால் ஒருவன் ரப்பர் குழாயோடு நிற்கிறான். உலையின் கண்ட்ரோல் பெட்டி மேல் தண்ணீர் அடிக்கப் போனவனைப் பிடித்துத் தள்ளினேன். "மேடம், தூசியா இருக்குங்க" என்கிறான். ஈரம் என்றால் என்ன, கரண்ட் என்றால் என்ன என்று ஒரு மண்ணும் தெரியாது, பக்திக்கு மட்டும் குறைச்சலில்லை. கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பூட்டே விளக்கம்.

அக்டோபர் 20, வெள்ளி

திறந்தேன்.

என்ன எழுதுவது? சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டம். கையுறை போட்டு எடுத்து, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து விளக்கு அடித்தேன். கெட்ட படிகத்தில் விளக்கின் கோடு பாலாக உள்ளே ஓடும். இதில் ஒன்றுமே இல்லை. விளக்கு இந்தப் பக்கம் நுழைகிறது, அந்தப் பக்கம் சுவரில் விழுகிறது, நடுவில் கல் இருக்கிற அடையாளமே கிடையாது. நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பூவாத்தாள் அம்மாள் கதவருகில் நின்றிருந்தார். எதுவும் கேட்காமல், என் கையையும் கையுறையையும் கல்லைப் பிடித்த விதத்தையும் பார்த்துக்கொண்டு நின்று, சத்தமில்லாமல் போய்விட்டார். எட்டிப் பார்க்கிற புத்தி.

பிறகு முதலாளி வந்தார், சட்டைப் பையில் புற ஊதா டார்ச்சோடு. அவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுரங்கக் கல் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் டார்ச் அடித்துக் காட்டுவார், அது ஊதாவாக ஜொலிக்கும், வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த டார்ச்சை என் படிகத்தின்மேல் அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கிட்டே வைத்து அடித்தார்.

"மேடம், இது மினுங்கவே இல்லீங்களே?"

மினுங்குவது கல் அல்ல, கல்லில் கலந்திருக்கிற அழுக்கு. ஏதோ ஒரு உலோகம் துளியளவு கலந்திருந்தால் இப்படி ஜொலிக்கும். சுத்தமான கால்சியம் புளோரைடு மினுங்காது, வந்த ஒளியை அப்படியே அந்தப் பக்கம் அனுப்பிவிடும். மினுங்காததுதான் இதன் சிறப்பே. வருடக்கணக்காக அழுக்கைக் காட்டிப் பெருமைப்பட்டவருக்கு இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

"செத்துப்போச்சு சார். பாலை ஊத்திட்டுத் தலை முழுகிடுங்க" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வெகு நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அக்டோபர் 21, சனி

நாள் முழுக்க இரு முகங்களையும் மெருகேற்றினேன். இதை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது. கொஞ்சம் அழுத்தினால் கீறும், கொஞ்சம் சூடேறினால் பிளக்கும். சூடு பட்டால் மிக அதிகமாக விரிகிற பொருள் இது. ஒரு பக்கம் சூடாகி மறு பக்கம் குளிர்ந்திருந்தால் தானே தன்னைக் கிழித்துக்கொள்ளும்.

முதலாளி வராந்தாவில் போனும் கையுமாக நடந்தார். இழவு வீட்டிலிருந்து வந்த முகம். மாவு வியாபாரத்தில் ஏதோ அடி போலிருக்கிறது.

அக்டோபர் 22, ஞாயிறு

எந்த ஒளி எவ்வளவு கடக்கிறது என்று கருவியில் அளந்தேன். புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை கோடு மேசை போலத் தட்டையாக ஓடுகிறது. எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் இந்தப் படத்தை அச்சடிக்கலாம். முதலாளியிடம் சொல்லவில்லை. புதன்கிழமை பெங்களூர்க்காரர் வாயால் கேட்கட்டும். அப்போது அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

மாலையில் பூவாத்தாள் அம்மாள் சாவிக்காக வந்தார். நாளை எல்லாச் சாவிகளையும் சாமி முன்னால் வைக்க வேண்டுமாம். கழற்றி மேசையில் எறிந்தேன். அவர் போகாமல் நின்றார்.

"டாக்டரம்மா, அந்தக் கல்லையும் பூசையில வெக்கட்டுங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதானுங்க. ஒரு உசுரு வரட்டுமேன்னு. தொட்டா ஒன்னும் ஆவாதுங்களே? தண்ணி கிண்ணி பட்டா?"

உயிர் வர வேண்டுமாம், கல்லுக்கு! "தண்ணியில கரையாது. மத்ததெல்லாம் உங்க சாமியையே கேட்டுக்குங்க, அதுக்குத் தெரியாததா?" என்றேன்.

"சரீங்க" என்று தலையாட்டிவிட்டு நின்றார். "வேற எதுனாச்சும் பாக்கோணுங்களா?"

"வேணும்னா ஒரு பட்டுப்பாவாடை கட்டி விடுங்க" என்றேன். நல்ல பதில். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. போகவில்லை. பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டு எந்திரத்துக்குச் சந்தனம் பூசுவதை வேடிக்கை பார்க்க எனக்கு நேரமில்லை. துணி துவைத்தேன். தலையணை உறை மாற்றினேன். மதியத்திலிருந்து பூவாத்தாள் அம்மாள் போன் செய்துகொண்டே இருக்கிறார். சுண்டல் வேண்டுமா என்று கேட்கத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

உடைந்துவிட்டது.

பிறகு எழுதியது: இரண்டு துண்டு. பெரியது முக்கால், சின்னது கால். பிளந்த முகம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கிறது. இந்தப் படிகம் உடையும்போதுகூட ஒழுங்காக உடையும்.

காலையில் போனபோது பூவாத்தாள் அம்மாள் என் அறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்து எழுந்து சாப்பிடக்கூட இல்லை என்று வாட்ச்மேன் சொன்னான். கையில் என்னுடைய வெள்ளைக் கையுறை. மடியில் ஒரு பட்டுத் துணி, அதில் இரண்டு துண்டுகளும்.

"நீங்க பண்ற மாதிரியே கையுறை போட்டுத்தானுங்க எடுத்தேன். பொட்டுக்கூட வெக்கல, அழுக்காவும்னு. பட்டு விரிச்சு வெச்சேன். கற்பூரத் தட்டைப் பின்னால வெச்சா அந்தக் கல்லுக்குள்ளாற தீபம் அப்பிடியே தெரிஞ்சுதுங்க, துளி நெளியாம. எல்லாருமே கும்புட்டாங்க. உசுரு வந்துருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் தீர்த்தம் தெளிச்சேன். தண்ணி ஒன்னும் பண்ணாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல? டிக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதானுங்க."

பின்னால் நெருப்பு, முன்னால் குளிர்ந்த தண்ணீர். எதிரியே யோசித்துச் செய்திருந்தாலும் இத்தனை கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. எனக்குள் என்னென்னவோ வெடித்தது.

"அது செத்த கல்லு இல்ல! நான் இதுவரைக்கும் வளர்த்ததுலயே நல்ல கல்லு! நீங்கதான் கொன்னீங்க!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கல்லுங்களா? செத்துப்போச்சுன்னு சென்னி சொன்னானே? அதுக்குத்தானுங்களே பூசையில வெச்சேன். சூடு ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கிட்டயே போயிருக்க மாட்டனுங்களே."

நான் வெளியே வந்துவிட்டேன். படிகத்துக்குக் கற்பூரம் காட்டுகிற கூட்டத்திடம் என்னவென்று சொல்லியிருக்க வேண்டும்? விளக்கைக் காட்டாதே, குத்துவிளக்கைக் காட்டாதே, சாம்பிராணி போடாதே என்று பட்டியலா?

அக்டோபர் 25, புதன்

பெங்களூர்க்காரர் வருவார், பெரிய துண்டையாவது அளந்து காட்டலாம், தரம் நிரூபணமாகிவிட்டால் இன்னொன்று வளர்க்க அவகாசம் கேட்கலாம் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். நல்ல சேலைகூடக் கட்டியிருந்தேன். மதியம் வரை யாரும் வரவில்லை. போன் செய்தேன்.

"உங்க முதலாளி சனிக்கிழமையே சொல்லிட்டாரே மேடம், மூணாவதும் போச்சு, வர வேண்டாம்னு. நாங்க அன்னைக்கே வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டுட்டோம்."

சனிக்கிழமை. கல் முழுசாக என் கையில் மெருகேறிக்கொண்டிருந்த நாள்.

நேரே முதலாளி அறைக்குப் போனேன். "யாரைக் கேட்டு கேன்சல் பண்ணினீங்க?" என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நீங்கதானுங்களே மேடம் சொன்னீங்க, செத்துப்போச்சு, தலை முழுகிடுங்கன்னு? எனக்கு இதுல என்னங்க தெரியும்? நீங்க சொல்றதுதான் எனக்கு வேதம். அவங்களை வரச் சொல்லி ஏமாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வயதில் ஒரு மனிதனுக்குக் கேலிகூடவா புரியாது?

உலைக்கு வியாழக்கிழமை ஆள் வருகிறான், எடைக்கு எடுத்துக்கொள்ள. முடிவை மாற்ற மாட்டாராம். நான் எழுந்தபோது அவர் சொன்னார்: "ஒன்னே ஒன்னுங்க மேடம். அக்கா சோறு திங்கமாட்டேங்குது. உங்க வாழ்க்கையையே ஒடச்சுட்டேன்னு அழுவுது. ஆர்டர் சனிக்கிழமையே போயிருச்சு, அதுக்கும் பூசைக்கும் சம்பந்தமில்லைன்னு நான் சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றான்னு நெனைக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க வாயால சொன்னாத்தான் நம்பும்."

சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 26, வியாழன்

உலையைக் கிரேனில் தூக்கினார்கள். பார்க்கவில்லை. புத்தகங்களைக் கட்டினேன். சொல்லப் போகலாம் என்று இருந்தேன், தலைவலி.

அக்டோபர் 27, வெள்ளி

கிளம்பும்போது பூவாத்தாள் அம்மாள் கேட் வரை வந்தார். மூன்று நாளில் ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஒரு பொட்டலம். பொரி, கடலை, வெல்லம். பூஜைப் பொரி, எனக்கென்று எடுத்து வைத்ததாம்.

"கற்பூரத் தட்டை ஈஸ்வரன் கோயிலுக்குக் குடுத்துட்டேனுங்க. இனி இந்தக் கையால எந்தச் சாமிக்கும் தீபம் காட்டமாட்டேன். அறுபது வயசு வரைக்கும் காட்டுனது போதும்."

ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

"எம்மேல கோவமுங்களா டாக்டரம்மா?"

"இல்லை."

"நெசமாலுமா? எப்பிடீங்க கோவமில்லாம இருக்கும்? நாந்தானே ஒடச்சேன்."

ஒரே ஒரு வாக்கியம். ஆர்டர் போனதற்கும் பூசைக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் போதும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்று கதவருகில் நின்று என் கைகளைப் பார்த்த அதே பார்வை. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. இதை ஆரம்பித்தால் டார்ச், அழுக்கு, சுத்தம், சனிக்கிழமை என்று எல்லாவற்றையும் விளக்க வேண்டும். ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது. ரயிலை விட்டுவிட முடியாது. அப்படியே சொன்னாலும் அவருக்குப் புரியவா போகிறது?

"உடம்பைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பொரி தீர்ந்துவிட்டது. ரயில் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.